கதவுக்கு அந்தப் பக்கம் நாலு நிமிஷம்

கலீலுர் றஹ்மானுக்கு மண்டைக்குள்ள ஒரு கேள்வி பூந்து மூண்டு கிழமை. அந்த நாடகத்தில மகன் வந்தானா, இல்லையா?

சிரிக்காதீங்கோ. கம்பஸ் மண்டபத்து வாசலில செக்கியூரிட்டி வேலை பார்க்கிற மனுசனுக்கு வேற என்ன கேள்வி வரும்? மணி அடிச்சதும் பெரிய கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, கதிரையை வெளிப்பக்கம் திருப்பி, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்க வேணும். நடுவில ஒருத்தரையும் உள்ள விடப்படாது. அது கொம்பனிச் சட்டம். ஆறு வருசமாய்ப் பாட்டு, நடனம், நாடகம் எண்டு அந்த மண்டபத்தில நடந்த எல்லாத்தையும் மனுசன் முதுகாலதான் கேட்டவர். கண்ணால கண்டது ஒண்டுமில்லை. அதுக்காகக் கவலைப்பட்டதும் இல்லை, இந்த நாடகம் வரும்வரைக்கும்.

கதை இதுதான். ஒரு தாய், அவவுக்கு ஒரே மகன். காலமை துறைமுகத்துப் பக்கம் வேலை தேடிப் போனவன் திரும்பி வரேல்ல. தாய் பொலிஸ், துறைமுகம் எண்டு கந்தோர் கந்தோராய் ஏறி இறங்குறா. நாளைக்கு வா, அடுத்த கிழமை வா எண்டு ஒவ்வொருத்தனும் கலைக்கிறான். கடைசியில ஒரு நாள் வீட்டில பீங்கானில சோறு போடுறா. கரண்டிச் சத்தம் கதவுக்கு வெளியால வடிவாய்க் கேட்கும். கிளாசில தண்ணி வார்க்கிறா. அதோட சரி. நாலு நிமிஷத்துக்கு ஒரு சத்தமும் இல்லை. றஹ்மான் போனில நேரம் பிடிச்சுப் பார்த்தவர். நாலு நிமிஷம் முடிய ஆரோ மூக்கை உறிஞ்சுவினம், பிறகு கைதட்டல், சனம் வெளியில வரும். வாற சனத்தின்ரை கண்ணெல்லாம் சிவந்திருக்கும்.

மகன் வந்திருந்தால் அந்தத் தாய் ஒரு சொல்லாவது கதைக்க மாட்டாவா? வரேல்ல எண்டால் நாலு நிமிஷமாய்ச் சனம் என்னத்தை வாயைப் பிளந்து பார்க்குது?

மனுசி அஸ்மியாவுக்கும் இந்தப் பைத்தியம் தொற்றிப்போச்சு. கிண்ணியாவில வீட்டடியில அவர் சைக்கிளை நிப்பாட்ட முதலே வாசலுக்கு வந்திடுவா. "இண்டைக்காவது வந்தானாமா?"

"தெரியா."

"என்ன மனுசன் நீங்க! வாசலிலயே இருந்துகொண்டு உள்ளுக்க நடக்கிறது தெரியாதாம். வெக்கமில்லையா?"

நாடகத்தைப் பழக்கிற றெக்சன் உப்புவெளிப் பொடியன், நல்ல பிள்ளை. ஆனால் வாயைத் திறக்கிறானா? "றஹ்மான் நானா, அதைச் சொன்னால் விளங்காது. இருந்து பார்க்க வேணும்."

"நான் இருந்து பார்த்தால் வாசலை உன்ரை வாப்பாவா பார்க்கிறது?" எண்டு றஹ்மான் எரிஞ்சு விழுந்தார். பொடியன் பல்லைக் காட்டிக்கொண்டு போயிட்டான். ஒத்திகையிலயும் அந்த இடம் வந்தால் "சரி, இதை விடுவம்" எண்டு தாண்டிப் போயிடுவாங்கள். லீவு போட்டுப் பார்க்கலாமே எண்டு கேட்பீங்கள். நாடகம் உள்ள நாளில லீவு இல்லை. அதுவும் கொம்பனிச் சட்டம்தான்.

பத்துத் தரம் போடுற நாடகம், பத்தாவது காட்சி கடைசிக் காட்சி. அண்டைக்குப் பார்த்துக் காலமை கொம்பனியில இருந்து போன் வருது, நாளையில இருந்து உமக்குத் துறைமுகத்தில ஒரு கிட்டங்கிக்குக் காவல் எண்டு. கிட்டங்கியில மாமூட்டையைத் தவிர வேற என்ன இருக்கும்? மாமூட்டை நாடகம் போடுமா? இண்டைக்கு விட்டால், மௌத்தாகும் வரைக்கும் மகன் வந்தானா இல்லையா எண்டு தெரியப் போறதில்லை. அந்த யோசனையில மனுசனுக்கு மத்தியானச் சோறும் இறங்கேல்ல. பார்சலை அவிழ்த்தவர், அப்படியே திரும்பக் கட்டி வைச்சிட்டார்.

மூண்டு மணிக்குக் காட்சி தொடங்கிச்சு. கந்தோர் எல்லாம் முடிஞ்சு கரண்டிச் சத்தம் வந்தது. தண்ணிச் சத்தம் வந்தது. பிறகு அந்த அமைதி.

முதலாவது நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தார். ரெண்டாவது நிமிஷம் எழும்பிட்டார். எல்லாரும் மேடையைத்தானே பார்ப்பினம், அவையளுக்குப் பின்னால இருக்கிற இந்தக் கதவு ஒரு விரல் அகலம் திறந்தால் ஆர் காணப்போகினம்? வேலியே பயிரை மேயிற வேலைதான், ஓம். அதுக்கென்ன செய்ய, பொறுக்க ஏலாமல் போச்சு. தாழ்ப்பாளை மெல்ல இழுத்தார்.

கடல்காத்துக்கு ஒரு விரல் அகலம் போதும். கதவைக் கையில இருந்து பறிச்சுக்கொண்டு போய் உட்சுவரில படார் எண்டு அடிச்சுது.

உள்ளுக்க இருநூறு முகம். அத்தனையும் அவரைப் பார்த்தபடி.

சத்தத்துக்குத் திரும்பின முகங்கள் இல்லை, முதலே திரும்பியிருந்த முகங்கள். மேடையில தாயாய் நடிக்கிற ஜெனிதா, லிங்கநகர்ப் பிள்ளை, பழைய சீலையோட சோத்துக்குப் பக்கத்தில இருந்து இந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தா. அவ எங்க பார்க்கிறா எண்டு சனமும் ஒராள் ஒராளாய்த் திரும்பியிருக்குது. நாலு நிமிஷ நாடகம் அவ்வளவுதான். ஒன்பது காட்சியும், இவர் முதுகைச் சாய்ச்சுக்கொண்டிருந்த கதவைத்தான் அத்தனை பேரும் பார்த்தபடி இருந்திருக்கினம், ஆராவது திறக்க மாட்டினமோ எண்டு.

யா அல்லாஹ்! மேடைக்கரையில றெக்சன் தலையில கையை வைச்சபடி நிண்டான்.

ஜெனிதா எழும்பினா. றஹ்மானுக்குப் பின்னால நல்ல வெயில். முகம் தெரியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேடை விளிம்புவரைக்கும் வந்தா.

"வந்திட்டியா?"

அதை நடிப்பெண்டு சொல்லுறவன் சொல்லட்டும். றஹ்மானுக்கு அது நடிப்பில்லை. தொப்பியைக் கழட்டினார். "இல்லையம்மா, நான் அவர் இல்லை. நான் வாசல் காவல்காரன்."

ஒருத்தரும் சிரிக்கேல்ல. ஜெனிதாவுக்கு எழுதின வசனம் ஒண்டும் இல்லாத இடம் அது. சோத்துப் பீங்கானைத் திரும்பிப் பார்த்தா.

"சாப்பிட்டீங்களா?"

"இல்லை."

"அப்ப வாங்கோ."

சப்பாத்துச் சத்தம் கேட்கக் கேட்க அவர் சனத்துக்கு நடுவால நடந்து மேடைக்கு ஏறினார். பாயில இருந்தார். அவ கைக்குத் தண்ணி வார்த்தா. அது உண்மையான சோறு, பருப்புக்கறியோட. வாய்க்குள்ள பிஸ்மில்லாஹ் சொல்லிப் பிசைஞ்சார். இருநூறு பேருக்கு முன்னால வெக்கம் பிடுங்கித் திண்டது, ஆனாலும் பசி பசிதானே.

"உப்புப் போதுமா?"

"காணும்."

அவர் முடிக்கும்வரைக்கும் அவ முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தா. மண்டபத்தில ஆரோ ஒராள் அடக்க மாட்டாமல் அழுதார். றஹ்மான் கையைக் கழுவிக்கொண்டு எழும்பினார். ஆர் வீட்டில இருந்து வெளிக்கிட்டாலும் நாங்கள் எல்லாரும் சொல்லுறதைத்தான் அவரும் சொன்னார்.

"அப்ப போயிட்டு வாறன் அம்மா."

"எப்ப?" எண்டு ஜெனிதா கேட்டா.

ஐம்பது வயசாகியும் ஒருத்தரும் அவரிட்டை அப்பிடிக் கேட்டதில்லை. நாளைக்குக் கிட்டங்கி. இந்த வாசலுக்கு இனி வாற அலுவலே இல்லை. அது அவருக்கு வடிவாய்த் தெரியும்.

"நாளைக்கு," எண்டார்.

அவ தலையை ஆட்டினா. பீங்கானைக் கழுவித் துடைச்சு, திரும்பச் சோறு போடத் தொடங்கினா.