ராஜியின் கூட்ஸ் வண்டி

லேப் உதவியாளர் வைஷாலி என் முதுகுப் பக்கம் அங்கியின் பட்டையை இழுத்து மாட்டியபோது, இத்தனை பேர் இருக்க நானே ஏன் முந்திக்கொண்டு வந்தேன் என்று யோசித்தேன். கோர்படி ரயில்வே கேட்டை ஒட்டிய எங்கள் நர்சிங் பள்ளிக்கு அந்த வருடம், இரண்டாயிரத்து எட்டில், வந்து இறங்கிய அங்கி அது. உள்ளே சின்னச் சின்ன ஸ்பீக்கர்கள். ரிமோட்டை அழுத்தினால் ஸ்டெதாஸ்கோப்பில் நோயுள்ள இதயத்தின் சத்தம் கேட்கும். போட்டுக்கொள்பவருக்கு நோய் இருக்க வேண்டியதில்லை. சத்தத்தைக் கேட்டு என்ன நோய் என்று பள்ளி முதல்வர் முன்னால் சொல்லிக்காட்டும் ஆசிரியைதான் இனி வகுப்பு எடுக்கலாம் என்று உத்தரவு. அடுத்தது மில்ட்ரெட், என்னைப் போல இங்கே ஆசிரியை. அவளுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருவது எனக்கு மட்டும்தான் தெரியும். முதல்வருக்குத் தெரிந்தால் ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிடுவார்கள்.

தொண்ணூற்று மூன்றில் நாங்கள் இங்கே மாணவிகளாக இருந்தபோது அங்கி நான்தான். ஒருத்தியை ஒருத்தி பரிசோதித்துப் பழகும் வகுப்பில் என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்த மில்ட்ரெட் எடுக்கவே இல்லை. "அரே, உள்ள என்னமோ ஓடுதுடி. கேட்டுல கூட்ஸ் போற மாதிரி." என் இதய வால்வு சுருங்கியிருந்தது, மைட்ரல் ஸ்டெனோசிஸ். அதன்பிறகு எங்கள் பேட்ச் முழுவதும் அந்தச் சத்தத்தை என்னிடம்தான் படித்தது. வடாபாவ் வாங்கித் தந்தால்தான் காட்டுவேன் என்று நானும் கிராக்கி பண்ணிக்கொள்வேன். பிறகு மும்பையில் பலூன் வைத்து வால்வை விரித்தார்கள், வண்டி நின்றது. திரும்பி வந்ததும் மில்ட்ரெட் கேட்டுப் பார்த்துவிட்டு, "போச்சுடி" என்று அழுதாள். சந்தோஷத்தில்தான். அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குக் கொஞ்ச நாள் தூக்கம் வரவில்லை என்பதை யாரிடம் சொல்ல?

வைஷாலி ரிமோட்டை அழுத்தினாள். என் விலாவில் அதே அதிர்வு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மில்ட்ரெட் குனிந்து கேட்டாள். இடம் மாற்றி வைத்துக் கேட்டாள். பழைய வழக்கப்படி உள்ளங்கையையும் வைத்துப் பார்த்தாள். தடித்த துணிக்கு மேல் என்ன தெரியும்? முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் சத்தம் வராமல் உதட்டை அசைத்தேன். 'கூட்ஸ்.'

மில்ட்ரெட் என்னையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "மைட்ரல் ஸ்டெனோசிஸ், மேடம்" என்றாள். முதல்வர் தலையாட்டினார்.

எல்லோரும் போன பிறகு அவள்தான் என் பட்டையைக் கழற்றினாள்.

"ஒண்ணுமே கேக்கலடி, ராஜி."

"தெரியும். அதான் சொன்னேன்."

"வார்டுல படுத்திருக்கிற பேஷண்ட் எனக்கு வாயசைப்பானா?"

அவள் அங்கியை மேசையில் விரித்து, குழந்தைச் சட்டையை மடிப்பதுபோல் மடித்தாள். "மேடம் கிளம்பிட்டாங்களா பாரு. உண்மைய நானே சொல்லிடறேன்" என்றாள்.

முதல்வர் அறையில் இன்னும் விளக்கு எரிந்தது. அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தூரத்தில் ரயில்வே கேட் பக்கம் கூட்ஸ் வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. ஜன்னல் கம்பி லேசாக அதிரத் தொடங்கியது. மில்ட்ரெட் மடிப்பைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக் கம்பியின்மேல் வைத்தேன்.

கடைசிப் பெட்டி போகிறவரை அவள் கையை எடுக்கவில்லை.