ஐந்து பேர் வாங்கிய சீட்டு

பச்சையம்மாள் அந்த மாதத்தில் மூன்றாவது தடவையாகக் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏறினாள். வெள்ளிமலைக் கடைத்தெருவில் பீடி வாங்கிக்கொண்டிருந்த சின்னக்கண்ணு அதைப் பார்த்துவிட்டான். மலையில் இருக்கிறவளுக்கு மாதத்தில் மூன்று தடவை டவுனில் என்ன வேலை? சாமை விற்கிற காலமும் இல்லை, ஆஸ்பத்திரிக்கு அலைகிற உடம்பும் இல்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் காகிதங்கள். காகிதம் என்றாலே சின்னக்கண்ணுவுக்கு ஆகாது.

பீடிக்கடையில் மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் ஓடிப்போய்ப் பின்வாசல் வழியாக ஏறினான். தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு கடைசி சீட்டில் உட்கார்ந்தான். பாதி பஸ் அவனை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தது. பச்சையம்மாள் மட்டும் திரும்பவில்லை. அவளுக்குப் பெண்கள் டிக்கெட், ஓசி. இவனுக்கு முழுக் காசு. அந்தக் காசையும் அவள் தனக்குத் தர வேண்டிய கணக்கில் மனசுக்குள் சேர்த்துக்கொண்டான்.

தர வேண்டிய கணக்கு என்பது முப்பத்தேழாயிரம் ரூபாய்.

கதை இதுதான். போன மாசியில் இவர்கள் ஊரிலிருந்து ஐந்து பேர் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருந்தார்கள். சின்னக்கண்ணு, அவன் மச்சான் மாதன், பெரியம்மாள், தைலம்மாள், பச்சையம்மாள். எஸ்டேட் வாசலில் ஒருவன் லாட்டரி விற்றான். நம் பக்கம் அதற்குத் தடை, அங்கே கவர்மென்டே விற்கிறது. சீட்டு ஐம்பது ரூபாய். ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு ஒரு சீட்டு வாங்கினார்கள். விழுந்தது ஐந்து லட்சம். ஐந்து பேருக்கு ஐந்து லட்சம் என்றால் ஆளுக்கு ஒரு லட்சம். மூன்றாம் வகுப்போடு நின்ற சின்னக்கண்ணுவுக்கே இந்தக் கணக்குத் தெரியும்.

வெளி மாநிலத்து ஆள் சீட்டைக் கொடுத்துப் பணம் வாங்குவது லேசுப்பட்ட வேலையில்லை. கேரளாவுக்கு எதற்கு வந்தாய் என்று எழுதிக் கொடு, வக்கீல் கையெழுத்து கொண்டு வா, பேன் கார்டு காட்டு என்று அலைக்கழித்தார்கள். ஐந்து பேரில் பேன் கார்டு இருந்தது குழுக்கடன் வாங்கியிருந்த பச்சையம்மாளிடம் மட்டும்தான். அதனால் சீட்டின் பின்னால் அவள் பேரை எழுதினார்கள். பணமும் அவள் பேங்கில்தான் ஏறியது.

ஆனால் ஏறியது மூன்று லட்சத்துப் பதினைந்தாயிரம். பச்சையம்மாள் மாதன் வீட்டில் கம்பளியை விரித்து, கறி பிரிக்கிற மாதிரியே ஐந்து கூறாக வைத்தாள். கூறு போட்டவர் கடைசியில்தான் எடுக்க வேண்டும் என்பது மலை வழக்கம். நான்கு பேரும் எடுத்த பிறகு மிஞ்சிய கூறை அவள் எடுத்துக்கொண்டாள். ஆளுக்கு அறுபத்து மூவாயிரம். “மிச்சத்த கமிஷனும் வரியுமா புடிச்சிக்கினாங்க” என்றாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். சின்னக்கண்ணுவும் தலையாட்டினான், ஆனால் உள்ளே ஒரு புழு புகுந்துகொண்டது. ஐந்து லட்சத்தில் ஒண்ணே முக்கால் லட்சத்துக்கு மேல் எந்த ஊரிலாவது பிடிப்பார்களா? யார் காதில் பூ சுற்றுகிறாள்?

இரண்டு வாரத்துக்கு முன்னால் அந்தப் புழு பாம்பாகவே ஆகிவிட்டது. பச்சையம்மாள் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு மாதன் வீட்டுக்கு வந்து, “பங்கு பிரிச்சிக்கினதுக்கு நாலு பேரும் ஒரு கையெழுத்து போடணும்” என்று ஆரம்பித்தாள். சின்னக்கண்ணு அவளை மேலே பேசவே விடவில்லை. எகிறிக் குதித்தான். அவன் தம்பி இப்படித்தான் ஒரு மேஸ்திரி நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கட்டட வேலை என்று நம்பி ஆந்திராவுக்குப் போனான். கொண்டுபோய் விட்டது செம்மரக் காட்டில். பதினோரு மாதம் ஜெயிலில் கிடந்தான். கோர்ட்டில் அந்தக் காகிதத்தைத்தான் காட்டினார்கள். அன்றிலிருந்து கையெழுத்து என்றாலே சின்னக்கண்ணுவுக்குப் பயம். அந்த பயம் நியாயமானது, அதில் குற்றம் சொல்ல முடியாது. அதை அவன் யார் மேல் காட்டினான் என்பதுதான் கோளாறு.

அன்று சாயந்திரமே மாதனையும் பெரியம்மாளையும் தைலம்மாளையும் காளி கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனான். “நம்ம காச தின்னுட்டு, தின்னலன்னு நம்ம கையாலயே எழுதி வாங்கப் பாக்கறா” என்று ஏற்றிவிட்டான். பச்சையம்மாள் சம்பந்தப்பட்ட எந்தக் காகிதத்திலும் கை வைப்பதில்லை என்று நான்கு பேரும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். முதலில் அணைத்தவன் சின்னக்கண்ணு.

கள்ளக்குறிச்சியில் பச்சையம்மாள் இறங்கி விடுவிடுவென்று நடந்தாள். இவன் பத்தடி தள்ளி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பின்னாலேயே போனான். நகைக்கடையைத் தாண்டினாள். நிலம் விற்கிறவன் யாரையாவது பார்ப்பாள் என்று நினைத்தான், ரிஜிஸ்தர் ஆபீஸ் தெருப் பக்கமே அவள் போகவில்லை. செருப்புக்கடைக்கு மேலே மாடியில், வருமான வரிக் கணக்குப் போட்டுத் தரப்படும் என்று போர்டு தொங்குகிற சின்ன அறைக்குள் நுழைந்தாள். சின்னக்கண்ணு படியில் நின்று நூறு வரை எண்ணினான். பிறகு கையும் களவுமாகப் பிடிக்கிற போலீஸ்காரன் மாதிரி உள்ளே புகுந்தான்.

கம்ப்யூட்டர் முன்னால் தனுஷா என்கிற பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். எதிரே பச்சையம்மாள், மடியில் அந்தக் கவர்.

“வாண்ணே” என்றாள் பச்சையம்மாள், ஆச்சரியமே இல்லாமல். “பஸ்ல துண்டு போட்டுக்கினு வந்தியே, வேர்க்கலியா?”

சின்னக்கண்ணுவுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் விடவில்லை. “மீதிக் காசு எங்கன்னு எனக்குத் தெரிஞ்சாவணும். இந்தம்மா யாரு? இன்னா எழுதிக்கினு கீறீங்க ரெண்டு பேரும்?”

“உக்காருங்கண்ணா” என்று தனுஷா திரையை அவன் பக்கம் திருப்பினாள். “நீங்களே பாருங்க. அக்கா பேன் நம்பர்ல யார் எவ்ளோ வரி புடிச்சாங்கன்னு கவர்மென்ட் சைட்ல தெரியும். அஞ்சு லட்சத்துல சீட்டு வித்த ஏஜென்ட்டுக்குக் கமிஷன் அம்பதாயிரம். மீதி நாலரை லட்சம். அதுல நூத்துக்கு முப்பது வரி. ஒரு லட்சத்து முப்பத்தஞ்சாயிரம்.”

சின்னக்கண்ணு எண்களை மட்டும் படிப்பான். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தான். கூட்டிப் பார்த்தான், கழித்துப் பார்த்தான். மூன்று லட்சத்துப் பதினைந்தாயிரம்தான் வந்தது. மறுபடியும் செய்தான். அதேதான் வந்தது.

“இத நீயே டைப் அடிச்சி வெச்சிருந்தா?”

“நான் அடிச்சா இதுல ஏறாதுண்ணா.”

“கேரளாவுல ஜெயிச்சதுக்குக் கள்ளக்குறிச்சியில இன்னா வேல?”

“வரி தில்லிக்குப் போவுது. எந்த மாநிலத்துல ஜெயிச்சாலும், நம்ம எங்க குடியிருக்கறமோ அங்கேர்ந்துதான் கணக்குக் காட்டணும்.”

“சரி, கூலிக்காரங்கன்னு சொல்லித் திருப்பி வாங்கித் தா.”

“லாட்டரிக்கு அது கெடையாதுண்ணா. கூலிக்காரன்னாலும் முப்பதுதான், மொதலாளின்னாலும் முப்பதுதான்.”

சின்னக்கண்ணு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் தின்னவில்லை. ஒரு பைசாகூடத் தின்னவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் ஐந்து மாதமாகப் பொத்திப் பொத்தி வளர்த்த சந்தேகத்தை அப்படிச் சட்டென்று இறக்கி வைக்க மனசு வருமா? வேறு இடம் தேடியது.

“காசு கத முடிஞ்சி போச்சின்னா, எதுக்கு மூணு வாட்டி இங்க வந்த? எங்க கையெழுத்து எதுக்கு?”

பச்சையம்மாள் அவனைப் பார்த்தாள். “அன்னிக்கே சொல்ல வந்தேன். நீ எங்க வுட்ட?”

அவள் மகள் தேவதர்ஷினி டவுனில் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அப்பன் இல்லாத பெண். ஸ்காலர்ஷிப்பில்தான் படிப்பு ஓடுகிறது. அது வருவதற்கு வீட்டு வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இந்த வருஷம் அவள் பேரில் நாலரை லட்சம் நிற்கிறது. அவள் கைக்கு வந்ததோ அறுபத்து மூவாயிரம். ஐந்து பேர் பங்கு என்று எல்லாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, மற்ற நான்கு பேரும் பேன் கார்டு எடுத்து வரி பிடிப்பதற்கு முந்தின பங்கான தொண்ணூறாயிரத்தை அவரவர் பேரில் காட்டினால், அவளுடையது தொண்ணூறாயிரமாகக் குறையும். ஸ்காலர்ஷிப் நிற்காது.

“அந்தக் காச மறைச்சி எழுதிக் குடுத்தா இன்னா?” என்றான்.

“எப்பிடிண்ணே மறைக்கறது? பேன்ல நிக்குது. நாளைக்குக் கண்டுபுடிச்சா பொண்ணு படிப்பே பூடும்.”

“கணக்குப் போட நாளைக்குத்தான் கடைசி நாள்” என்றாள் தனுஷா. “நீங்க நாலு பேரும் கையெழுத்து போடறதா ஒரு வார்த்த சொன்னீங்கன்னா, இப்பவே அக்கா பங்க மட்டும் காட்டிப் போட்டுடுவேன். நாளைக்குக் காலைல மத்தவங்கள கூட்டிக்கினு வந்துடுங்க.”

பச்சையம்மாள் ஒன்றும் கெஞ்சவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற மூன்று பேரும் இவன் சொன்னால்தான் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். சத்தியம் செய்ததும் தெரியும். சின்ன ஊரில் கற்பூர வாசனை எவ்வளவு தூரம் போகும் என்று சொல்லவா வேண்டும்?

சின்னக்கண்ணுவுக்கு அந்த நிமிஷத்தில் அவள் மேல் இரக்கம் வந்தது. நிஜமாகவே வந்தது. சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் பாழாய்ப்போன வாயிலிருந்து வந்தது வேறு.

“கையெழுத்து போட்டா, பின்னாடி எனக்கு எதனா வருமா?”

பச்சையம்மாளின் முகத்தில் எதுவோ அணைந்தது. அவள் தனுஷா பக்கம் திரும்பி, “எல்லாத்தையும் என் பேர்லயே போட்டுடு கண்ணு” என்றாள். போனில் வந்த ஓடிபியை ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னாள். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். “இவங்களக் கேட்டது என் தப்பு. என் அறுவத்து மூணு அப்பிடியேதான் கீது, ஃபீஸ் கட்டிடுவேன். அடுத்த வருசத்துக்கு வேற ஏதாவது பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

சின்னக்கண்ணு நாற்காலியிலேயே இருந்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவன் பங்கு பழைய பைக்காக மாறி வீட்டு வாசலில் நிற்கிறது. மாதன் கூரைக்கு ஷீட் போட்டுவிட்டான். மற்ற இருவரும் ஆடு பிடித்துவிட்டார்கள். ஐந்து பேரில் சீட்டுக்குப் பேர் கொடுத்தவள் மட்டும் கடைசியில் பத்து ரூபாயையும் தொலைத்தவளாக நிற்கிறாள். திருடி என்கிற பட்டம் வேறு. அதை ஊரெல்லாம் ஒட்டினவன் இவன்தான்.

“கண்ணு, இத மாத்த முடியாதா?” என்று கேட்டான்.

“மாத்தலாம்ணா. திருத்தின கணக்கு டிசம்பர் வரைக்கும் போடலாம். ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிப் போடவும் இன்னும் நாள் இருக்குது. ஆனா நாலு பேர்ல ஒருத்தர் கையெழுத்து இல்லன்னாலும் ஆவாது.” அவள் ஒரு காகிதத்தை அச்சடித்து முழுவதையும் நிறுத்தி வாசித்துக் காட்டினாள். இன்னார் பத்து ரூபாய் போட்டார், இன்னார் அறுபத்து மூவாயிரம் பெற்றுக்கொண்டார், அவ்வளவுதான். இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னான். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். சத்தியத்தை முறித்தாகிவிட்டது. காளிக்குப் பதில் சொல்ல வேண்டியதை அவன் பார்த்துக்கொள்வான்.

மலைக்குத் திரும்புகிற கடைசிக்கு முந்தின பஸ்ஸில் பச்சையம்மாள் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இவன் துண்டில்லாமல் வந்தான். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது பக்கத்தில் போய் உட்காரலாமா என்று இரண்டு தடவை எழுந்து, இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டான். முதலில் மூன்று கையெழுத்து வரட்டும், அப்புறம் பேசலாம் என்று முடிவு செய்தான். மாதன் போட்டால் மற்ற இரண்டு பேரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

வெள்ளிமலையில் இறங்கினபோது மாதன் டீக்கடையில் இருந்தான். பச்சையம்மாள் அவனைக் கடந்து போனாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“இன்னா மாமா, பின்னாடியே போனியாமே? குட்டு வெளிப்பட்டுச்சா?”

“குட்டும் இல்ல ஒண்ணும் இல்ல மாதா. அவ ஒரு பைசா தின்னல. என் கண்ணால பாத்தேன். கமிஷனும் வரியும்தான் போயிக்கீது. நான்தான் இல்லாததச் சொல்லி உங்கள ஏத்தி வுட்டேன். தப்பு என்னுது.” எல்லாவற்றையும் சொன்னான். நர்சிங் படிக்கிற பெண்ணைச் சொன்னான், ஸ்காலர்ஷிப்பைச் சொன்னான். வாழ்க்கையில் அவன் அவ்வளவு நேரம் ஒளிவு மறைவில்லாமல் பேசியதே இல்லை. கடைசியில் காகிதத்தை எடுத்து நீட்டினான். “கோயில்ல நான் பாத்துக்கறேன். நீ போடு.”

மாதன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். காகிதத்தைத் தொடாமல் குனிந்து பார்த்தான். கீழே சின்னக்கண்ணுவின் கையெழுத்து இருந்தது. கற்பூரத்தை முதலில் அணைத்த கை போட்ட கையெழுத்து. மாதன் தலையை நிமிர்த்தி, சின்னக்கண்ணுவின் சட்டைப் பையை ஒரு தரம் பார்த்தான், முகத்தை ஒரு தரம் பார்த்தான்.

“உனக்கு எவ்ளோ குடுத்தா?” என்று கேட்டான்.