பூஜையில் மாட்டிக்கொண்ட கத்திகள்

ஜம்புநாதன் ஆயுளில் எலுமிச்சம்பழத்துக்கு மேல் எதையும் வெட்டியவரில்லை. ஆனால் டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் அவர் வீட்டு பீரோவைத் திறந்தால், மனைவி ருக்குவின் புடவைகளுக்குக் கீழே ஒரு தட்டு முழுக்க வேட்டைக் கத்திகள்.

எல்லாமே மடங்காத கத்திகள். எல்லாமே ஒரே கை செய்தவை. டேராடூனில் பக்ஷீஷ் சிங் என்று ஒருவர், வேட்டைக்குப் போகிறவர்கள் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாக அடித்துக் கொடுத்தவர். வேட்டைக்குத் தடை வந்ததும் உலையை அணைத்துவிட்டார். கத்திகள் செங்கோட்டைக்குப் பின்னால் கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய டார்ச்சுகளுக்கும் ஓடாத கடிகாரங்களுக்கும் நடுவே வந்து விழுந்தன. ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. அதில்தான் ஜம்புவுக்குப் பைத்தியம் பிடித்தது.

கத்தியில் அவர் முதலில் பார்ப்பது வாலை. அலகின் இரும்பு பிடிக்குள்ளும் நீளுமல்லவா, அதுதான் வால். பக்ஷீஷ் சிங் அதைப் பென்சில் மாதிரி ஒல்லியாக அடிப்பார். கடமான் கொம்பில் நீளத் துளை போட்டு, வாலைச் செருகி, அரக்கு ஊற்றுவார். இல்லாவிட்டால் தோல் வில்லைகளை மிளகுவடை மாலை மாதிரி வாலில் கோத்து, அடியில் ஒரு திருகு போட்டு இறுக்குவார். ஆனால் சில கொம்புகள் வளைந்திருக்கும். வளைந்த கொம்பில் நேராகத் துளை போட்டால் பாதியில் பக்கவாட்டில் பொத்துக்கொண்டு வந்துவிடும். அந்த மாதிரிக் கொம்பை மட்டும் நெடுக இரண்டாகப் பிளந்து, வாலைப் பிடி அளவுக்கு அகலமாகவே விட்டு, இரு பக்கமும் கொம்புப் பட்டைகளை வைத்து ஆணியடிப்பார். பிடியை ஓரமாகப் பார்த்தால் இரண்டு பட்டைகளுக்கு நடுவில் இரும்பு ஒரு கோடாக ஓடும். சாண்ட்விச் மாதிரி.

அந்தக் கோடு உள்ள கத்தி டெல்லியில் ஜம்புவுக்குத் தெரிந்து ஒரே ஒருவரிடம் இருந்தது: குழந்தைசாமி. சாணக்யபுரியில் ஒரு தூதரகத்தில் டிரைவர், கோயமுத்தூர்ப் பக்கம். சந்தையில் இருவரும் ஒரே கத்திக்குக் கை நீட்டியதில் உண்டான சிநேகம். அவருக்கு ஜம்புவின் தோல்பிடிக் கத்தி மேல் ஆசை. வேலையை விட்டு ஊரோடு போகப்போகிறார். அடுத்த வாரம் கிளம்புமுன் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. ஜம்பு அதற்குள் கனவில் இரண்டு தரம் மாற்றியாகிவிட்டது.

அந்த சந்தோஷத்தில்தான் ஆயுத பூஜையன்று காலை, ருக்குவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தம் கத்திகளையெல்லாம் பரப்பினார். ஒன்றோடொன்று உரசாதபடி ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி மணை. சந்தனம், குங்குமம், சாமந்திப்பூ, சுண்டல். கற்பூரம் காட்டி முடித்த நேரத்தில் டிரங்குப் பெட்டியோடு குழந்தைசாமி வந்து நின்றார்.

"ஏனுங் சாமி, அடுத்த வாரத்து டிக்கெட் கெடைக்கலீங்க. இன்னிக்குச் சாயங்கால வண்டிதானுங்க. அதான் கையோட கொண்டாந்துட்டேன்."

துணியைப் பிரித்தார். வளைந்த கொம்புப் பிடி. ஓரத்தில் கோடு. ஜம்பு இரண்டு கையையும் நீட்டினார்.

குழந்தைசாமியின் கண் பூஜைமேல் போய்விட்டது. "அடடா! மூட்டை கட்டற அவசரத்துல நான் பூசையே போடலீங்களே!" என்றவர், நீட்டிய கைகளைத் தாண்டிப் போய்க் கத்தியை மற்றவற்றுக்கு நடுவில் வைத்து, தடாலென்று விழுந்து கும்பிட்டார். ருக்கு சட்டென்று அதற்கும் ஒரு பொட்டு சந்தனம் வைத்தாள்.

ஜம்புவின் கைகள் இன்னும் நீட்டியபடியே இருந்தன.

"ருக்கு... அதை எடுத்துக்கலாமோன்னோ?"

"நன்னா கேட்டேள்! வெச்சது வெச்சதுதான். நாளைக்குக் கார்த்தால புனர்பூஜை பண்ணி, வடக்கே துளி நகத்தினப்புறம்தான் தொடணும்."

"அய்யோ, அப்ப நான் கேட்ட கத்தி?" என்றார் குழந்தைசாமி.

"அதுவும்தான்."

ஜம்பு டார்ச்சை எடுத்து வந்து தரையில் குப்புறப் படுத்தார். தொடத்தானே கூடாது? கோடு பளிச்சென்று தெரிந்தது. "பாருங்கோ, பாருங்கோ, ஆணி மூணும் பித்தளை!" என்று கூவினார். குழந்தைசாமியும் பக்கத்தில் படுத்துத் தோல்பிடியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "என்னுது, உங்களுது ரெண்டும் உங்க ஊட்டுலயே கெடக்கப்போவுது. நான் வெறுங்கையோட வண்டியேறோணும்."

ஜம்புவுக்குச் சுருக்கென்றது. "ருக்கு, நீயே சொல்லு, இது நியாயமா?"

தரையில் இரண்டு தொந்திகள் கிடக்கிற அழகைப் பார்த்து ருக்குவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு யோசித்தாள்.

"ஏன்னா, ஸ்வாமி புறப்பாடு இல்லையா? இருந்த இடத்தை விட்டு இறங்காம, வாகனத்தோட ஊரெல்லாம் சுத்தலையா? தோல்பிடி மணையோட போகட்டும். பூ விழப்படாது, பொட்டு கலையப்படாது. மத்த பூஜையை நாளைக்கு அவர் ரயில்லயே முடிச்சுக்கட்டும்."

அவ்வளவுதான், புறப்பாடு தொடங்கியது. ஆட்டோவில் ஜம்பு தோல்பிடிக் கத்தியின் மணையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். எதற்கு முழங்கையை மடக்கி வைக்க வேண்டும் என்பதையும் விளக்கிக்கொண்டே வந்தார். முழங்கை வில் மாதிரி, பள்ளத்தின் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும், கத்திக்குத் தெரியாது. "தீரே பையா, தீரே!" என்று ஒவ்வொரு பள்ளத்துக்கும் மெதுவாகப் போகச் சொல்லிக் கத்தினார். சாமந்தி ஆடியது, விழவில்லை.

ஸ்டேஷனில் ஒரு போலீஸ்காரர் தடியை நீட்டினார். "யே க்யா ஹை?"

ஜம்பு மணையை மார்போடு அணைத்துக்கொண்டார். முழ நீளக் கத்தியைப் பூவோடு ஏந்தி நிற்கும் ஆள் என்ன சொல்ல முடியும்? "பூஜா... பூஜா கா ஹை. ஹிலானா மனா ஹை," என்று, அசைக்கக் கூடாதென்பதைத் தெரிந்த இந்தியில் சொல்லிவைத்தார்.

போலீஸ்காரர் குங்குமத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். "ஜெய் மாதா தி!" என்று கும்பிட்டவர், திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து, "ஹட்டோ, ஹட்டோ! மாதா கோ ஜானே தோ!" என்று தடியால் வழி விலக்கிக்கொண்டே ரயில் பெட்டி வரைக்கும் முன்னால் நடந்தார். பின்னால் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு குழந்தைசாமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடி வந்தார்.

மேல் பெர்த்தில் மணை ஏறி உட்கார்ந்தது. வண்டி ஊதியது. ஜன்னல் வழியாகக் குழந்தைசாமி தலையை நீட்டினார்.

"சாமி, ஒண்ணு கேக்க மறந்துட்டேன்! காலையில வடக்கே நகத்தோணும்னாங்களே, ரயிலுக்குள்ள வடக்கு எதுங்க?"

ஜம்புவின் முகம் தீபாவளியாயிற்று. எப்படிப்பட்ட கேள்வி! நகர ஆரம்பித்த வண்டியோடு அவரும் ஓடினார்.

"வண்டி தெற்கே போறது! அப்போ எஞ்சின் பக்கம் தெற்கு! கார்டு வண்டிப் பக்கம் வடக்கு!"

"வண்டி வளைஞ்சு போச்சுன்னா?"

"வளைவுல தொடாதீங்கோ! நேராப் போறப்போ நகத்துங்கோ!"

"எவ்வளவுங்க?"

"துளி! துளி போறும்!"

ஜன்னல் போய்விட்டது. ஜம்பு மூச்சிரைக்க நின்றார். கடைசிப் பெட்டி அவரைக் கடந்தபோது, கார்டு பச்சைக்கொடியோடு வாசலில் நின்றிருந்தார். ஜம்பு அவரைச் சுட்டிக்காட்டி, ஒருவேளை குழந்தைசாமி எட்டிப் பார்த்தால் தெரியட்டுமென்று, கையை உயர்த்தி ஆட்டிக் கத்தினார்:

"அதோ! அதோ அவர்தான் வடக்கு!"

கார்டு ஒன்றும் புரியாமல் அவருக்குக் கொடியை ஆட்டிவிட்டுப் போனார்.