ஒரு டன் அறுநூற்று நாற்பது

கும்மிடிப்பூண்டியில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் மாணவர்கள் நிரப்பிய இருநூற்றுப் பன்னிரண்டு கேள்வித்தாள்கள், 2023 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு டன் அறுநூற்று நாற்பது கிலோ எடை இருந்தன. பள்ளி வாசலில் அந்தத் தாள்கட்டை டிரைவர் அந்தோணி ஒரு கையால் தூக்கித்தான் தன் குட்டியானை வண்டியில் போட்டார். திருவள்ளூர் போகும் வழியில், கவரைப்பேட்டை வருவதற்குள் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, ஒரு டயர் வெடித்தது. பாரம் அதிகம் என்று பிடித்துவிடுவார்களோ என்று பயந்து, அவர் வண்டியை உருட்டிக்கொண்டு போய் எபினேசரின் எடைமேடையில் நிறுத்தினார். இரும்பு ஏற்றி வரும் லாரிகளை இருபத்தாறு வருடமாக நிறுத்துக் கொடுப்பவர் எபினேசர். ஒவ்வொரு லாரிக்கும் முன்னால் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்வார். அன்றும் செய்தார். பிறகு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

"அண்ணே, உள்ள வெறும் பேப்பருதான். எம்புள்ள மேல சத்தியம்" என்றார் அந்தோணி.

"பேப்பருன்னு நீ சொல்ற. மேடை வேற சொல்லுது. எறக்கிப் பாப்போம்" என்றார் எபினேசர்.

இருவரும் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சின்னத் தராசில் வைத்தார்கள். நூற்று எழுபத்தெட்டுத் தாள்கள் தாளின் எடைதான் இருந்தன. மீதி முப்பத்து நான்கு, ஒவ்வொன்றும் ஓர் ஆள் எடை. நாற்பத்தாறு கிலோ, ஐம்பத்தொன்று, நாற்பத்திரண்டு. சாயங்காலத்துக்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. பள்ளியில் மருத்துவப் பரிசோதனை செய்த நர்ஸ் தன் நோட்டோடு வந்து ஒத்துப் பார்த்தார். கனத்த தாள் ஒவ்வொன்றும், அதை எழுதிய பிள்ளையின் எடைக்குச் சரியாக இருந்தது. எழுதியது யார் என்று எப்படித் தெரிந்தது என்றால், தாளின் வலது மூலையில் பெயரும் வகுப்பும் வரிசை எண்ணும் தெளிவாக இருந்தன.

அவை அங்கே இருந்திருக்கக் கூடாது. மாத்திரை, பஞ்சர் பசை, கஞ்சா, உதட்டுக்கடியில் வைக்கும் பொட்டலம், இவற்றில் எதையாவது இந்த வருடம் தொட்டாயா என்று கேட்கும் கணக்கெடுப்பு அது. பெயர் எழுதக் கூடாது என்பது அதன் முதல் வரி. ஆனால் அதை நடத்தியவர் கணக்கு வாத்தியார் தேவராஜன். திருவள்ளூரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி, நெற்றியில் திருமண் கலையாமல் வந்து இறங்குபவர். பெயரில்லாத விடைத்தாளுக்கு மார்க் கிடையாது என்று முப்பது வருடம் சொல்லிப் பழகிய வாய், அன்றும் அதையே சொன்னது. ஒரு பிள்ளையின் தாளும் தொலைந்துவிடக் கூடாதே என்ற அக்கறைதான். மார்ஜின் போடச் சொன்னார். வரிசை எண்படி அடுக்கி வாங்கினார். முந்திய வருடம் வெளியூர்ப் பெண்கள் இருவர் வந்து பூட்டிய பெட்டியில் போடச் சொல்லி வாங்கியபோது, நாற்பத்தொரு பேர் 'ஆம்' என்று குறித்திருந்தார்கள். இந்த வருடம் ஒருவர்கூட இல்லை.

கணக்கெடுப்பைக் கேட்ட திருவள்ளூர் அலுவலகத்துக்குப் பூஜ்யம் என்ற எண் முன்னமே போனில் போய்விட்டது. எடையைப் பற்றி அந்தோணி சொன்னதற்கு, எடை என்று ஒரு கட்டம் படிவத்தில் இல்லை, தாள்கள் இனித் தேவையும் இல்லை என்று பதில் வந்தது. அதனால் அவை எபினேசரின் அறையிலேயே கிடந்தன. நாற்பத்தொன்றுக்கும் முப்பத்து நான்குக்கும் நடுவே ஏழு பேர் குறைந்திருந்தார்கள். அது மெய்யான குறைவு. ஏழு வீடுகளில் யாரோ பொறுமையாக இருந்திருக்க வேண்டும். அவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. பள்ளி வாசலில் 'போதை இல்லாத பள்ளி' என்று பதினைந்தடி நீளத்தில் பேனர் கட்டினார்கள். புதன்கிழமை தோறும் வந்து பிள்ளைகளோடு தனியறையில் உட்கார்ந்து பேசும் ஆலோசகர் ஸுப்ரஜாவை, இங்கே தேவையில்லை என்று வேறு பள்ளிக்கு மாற்றினார்கள்.

புதன்கிழமைகளில் அவரிடம் போய்க்கொண்டிருந்தவர்களில் ஒருவன் மோசஸ். பதினொன்றாம் வகுப்பு. ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருபவன். மாத்திரையை விட ஆரம்பித்து மூன்று புதன்கிழமைகள் ஆகியிருந்தன. நாலாவது புதன்கிழமை அறை பூட்டியிருந்தது.

கனத்த தாள்கள் யார் யாருடையவை என்று எபினேசர் போலீசுக்குச் சொல்லவில்லை, பெற்றோருக்கும் சொல்லவில்லை. தன் தாளைப் பார்க்க நினைக்கும் பிள்ளை எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று டீக்கடையில் மட்டும் சொல்லிவைத்தார். முதலில் ஷைனி என்ற பெண் வந்தாள். எபினேசர் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பேனாவை மேசையில் வைத்துவிட்டு, சாலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவள் 'இல்லை'யை அடித்து 'ஆம்' என்று குறித்ததும் தாள் மின்விசிறிக் காற்றில் பறந்தது. பிடித்து, மற்ற தாள்களுக்கு அடியில் செருகினார். அடுத்த வாரம் நான்கு பேர் வந்தார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் இருபத்தேழு தாள்கள் பறந்தன, இருபத்தேழு டீ செலவானது.

மோசஸ் வரவில்லை. எபினேசர் தினமும் காலையில் கனத்த தாள்களை நிறுத்துப் பார்ப்பார். மற்றவை அப்படியே இருந்தன. மோசஸின் தாள் ஐம்பத்திரண்டிலிருந்து நாற்பத்தொன்பது ஆனது, பிறகு நாற்பத்தாறு. அப்போதுதான் அவன் அம்மா ஞானம்மாவுக்கு ஆள் அனுப்பினார். சிப்காட்டில் ஓர் உருக்காலைக் கேன்டீனில் பாத்திரம் கழுவுபவள். கணவன் இல்லை. ஷிப்ட் முடிந்து ஈரக் கையோடு வந்தாள்.

"இன்னாண்ணே, எம்புள்ள இல்லைன்னுதானே போட்டுக்கிறான்?"

"போட்டுக்கிறாம்மா. அத்த கொஞ்சம் தூக்கிப் பாரு."

அவள் இரண்டு கைகளாலும் தூக்கினாள். மார்போடு அணைத்தபடி வெகுநேரம் நின்றாள். இது அவன்தான் என்றாள். ரெண்டு மாசமாய்ச் சட்டை தொளதொளக்கிறது, தைத்துக் கொடுத்தேன், கேட்கத் தோன்றவில்லை என்றாள்.

தேவராஜனும் வந்தார். முதல் நாள் தன் சிவப்புப் பேனாவால் பெயர்களை எல்லாம் அடித்துப் பார்த்தார். எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை. மறுநாள் ஆரம்பாக்கத்துக்கு ரயில் ஏறிப் போய், ஞானம்மாவின் வீட்டு வாசலில் மோசஸைப் பார்த்து, ஏண்டா அப்படிப் போட்டாய் என்று மெதுவாகக் கேட்டார்.

"பேரு எழுதச் சொன்னீங்கோ. பேர எழுதிட்டு எவன் சார் ஆமான்னு போடுவான்?" என்றான் மோசஸ். கொஞ்சம் சிரித்தான். "அந்த மேடம் வந்துகினு இருந்தாங்கோ. நீங்க எல்லாம் நல்ல புள்ளைங்கன்னு எழுதினீங்கோ. அவங்க போய்ட்டாங்கோ."

பூஜ்யம் என்று எழுதிய பள்ளிக்கு ஆலோசகரைத் திருப்பித் தர விதியில்லை என்று அலுவலகம் சொன்னது. தேவராஜன் ஸுப்ரஜாவின் வீட்டுக்கே போய்க் கேட்டார். அவர் தன் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தார். மூன்று ஞாயிறுகள் மோசஸ் எடைமேடை அறையில் அவரோடு உட்கார்ந்தான். எபினேசர் கோயிலுக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்து ஆள் வராமல் பார்த்துக்கொண்டார். அதற்காக அவரை யாரும் குறை சொல்லவில்லை. தாள் நாற்பத்தாறில் நின்றது. பேனாவை மட்டும் அவன் தொடவில்லை. அடுத்த வாரம் பாக்கலாம் அண்ணே என்றான்.

அந்த வியாழக்கிழமை காலை எபினேசர் அறையைத் திறந்து விசிறியைப் போட்டபோது, மோசஸின் தாள் பறந்து தரையில் விழுந்தது. வந்துவிட்டான், எழுதிவிட்டான் என்று அவர் முழங்காலில் நின்று நன்றி சொன்னார். எழுந்து தாளைப் பார்த்தார். 'இல்லை' என்ற குறி அப்படியே இருந்தது. வாசலில் ஏழு லாரிகள் நிற்க, மேடையைப் பூட்டிவிட்டு ஆரம்பாக்கம் போனார். ரயில்பாதை ஓரத்துப் பம்புக் கொட்டகையிலிருந்து அவனை அப்போதுதான் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள்.

அடக்கத்துக்கு அந்தோணியின் வண்டிதான் போனது. பின்பக்கம் தாழவில்லை.

2024 ஜூலையில் மறுபடி கணக்கெடுப்பு வந்தது. தேவராஜன் பேச்சை ஒரு வரியோடு முடித்துக்கொண்டார்: யாரும் பெயர் எழுத வேண்டாம், நான் வெளியே போகிறேன். போய் மைதானத்தில் வெயிலில் நின்றார். வகுப்பு வாசலில் பூட்டிய பெட்டியை வைத்துக்கொண்டு ஞானம்மா உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தானாக வந்திருந்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தாளை மடித்துப் போட்டார்கள். எல்லோரும் போட்ட பிறகு, எபினேசரிடம் வாங்கி வைத்திருந்த மோசஸின் தாளை அவள் மடியிலிருந்து எடுத்தாள். 'இல்லை'யை அடித்து, 'ஆம்' என்ற கட்டத்தில் குறித்து, பெட்டிக்குள் போட்டாள். எண்ணும்போது, பெயரைச் சிவப்பில் அடித்த தாள் ஒன்று வந்தது. தேவராஜன் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

'ஆம்' முப்பது. பூஜ்யத்திலிருந்து முப்பதுக்கு ஏறிவிட்டது என்று மாவட்டக் கூட்டத்தில் அந்தப் பள்ளியின் பெயரைத் தனியாக வாசித்தார்கள். பேனரை அவிழ்த்தார்கள். விதிப்படி ஸுப்ரஜா புதன்கிழமைகளில் வரத் தொடங்கினார்.

இப்போது அந்தப் பக்கத்துப் பள்ளிகள் எதுவும் கேள்வித்தாள்களை நேரே திருவள்ளூருக்கு அனுப்புவதில்லை. வண்டி முதலில் கவரைப்பேட்டையில் நிற்கும். அந்த 2024 ஜூலையிலும் அந்தோணி தாள்கட்டை மேடையின் நடுவில் வைத்துவிட்டு வண்டியைத் தள்ளி நிறுத்தினார். எபினேசர் கண்ணை மூடி ஜெபித்தார். பிறகு சீட்டைக் கிழித்து, பக்கத்தில் நின்ற ஞானம்மாவிடம் கொடுத்தார். லாரிகளை நிறுக்கும் மேடைக்கு ஒரு கிலோ காகிதம் தெரியாது. சீட்டில் பூஜ்யம் என்று இருந்தது. அவள் அதை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, இரண்டாம் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.