அச்சுக்குள் வைத்த பொட்டு

"ஆளே இல்லாம பறக்கிற ப்ளேன் தப்பா ஒருத்தனச் சுட்டுட்ச்சினா, போலீசு யாரடி புடிச்சிக்கினு போவும்?" என்று கனகவல்லி ஒரு நாள் நௌஷீனைக் கேட்டாள்.

அப்போது இருவரும் ஒரு இறக்கை அச்சின் இரண்டு பக்கமும் குனிந்து நின்று, கண்ணாடி நார்த் துணியின் மேல் ரெசின் தடவிக்கொண்டிருந்தார்கள். ரெசின் இறுகுவதற்குள் ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் ரோலரால் தேய்த்துவிட வேண்டும். வாய் பேசும், கை நிற்காது. நௌஷீன் எதற்கும் சட்டென்று பதில் சொல்லுகிறவள் இல்லை. ஒன்பதாவதில் பள்ளியை விட்டு நின்றபோது டீச்சர் காரணம் கேட்டதற்கே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவள்.

"ப்ளேனத்தான் புடிப்பாங்க" என்றாள் கடைசியில்.

"ஆமா, வெலங்கு மாட்டி ரயில்ல இட்டுக்கினு போவாங்க. போடி."

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அந்தக் கம்பெனி அதுவரை பஸ் சீட்டும் பாத்ரூம் கதவும்தான் செய்துவந்தது. அந்த வருஷம் பின்பக்க ஷெட்டை நீலத் தார்ப்பாயால் மறைத்து, உள்ளே இறக்கை அச்சுகளை இறக்கினார்கள். செல்போனை கேட்டில் துளசிராமனிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். வெளியே யார் கேட்டாலும் பாத்ரூம் கதவு என்று சொல்லும்படி சூப்பர்வைசர் வரதன் சொல்லியிருந்தார். நௌஷீன் வீட்டிலும் அப்படியே சொன்னாள்.

"இத்தினி கதவ யாருடி வாங்கறா?" என்று கமர் நிஷா மகளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனாலும் காலையில் பழவேற்காட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்து, ரயிலடிக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். வாப்பா இறந்தபிறகு நௌஷீன் இரண்டு வருஷம் இறால் உரிக்கும் கொட்டகையில் உட்கார்ந்தாள். ஐஸ் தண்ணீரில் விரல்கள் வெடித்து, சாப்பாட்டில் உப்புப் பட்டாலே எரியும். அண்ணன் ரிஜ்வான் துபாயில் வேலை பார்த்த கம்பெனி மூடிக்கிடந்தது. பாஸ்போர்ட்டும் அவன் கையில் இல்லை. இந்த வேலை போனால் மறுபடியும் இறால் கொட்டகைதான். தாயும் மகளும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளமாட்டார்கள்.

இறக்கைகளை வாங்குகிற இடத்திலிருந்து சபரிநாதன் என்கிற அதிகாரி முதல்முறை வந்தபோது எல்லோரிடமும் சிரித்துப் பேசினார். பாதுகாப்பு அதிகாரி என்றார்கள். கனகவல்லிக்குக் கூச்சம் கிடையாது. யார் ஓட்டுவது என்று அவரையே கேட்டுவிட்டாள்.

"இப்போ கீழே ஒருத்தர் உட்கார்ந்து ஓட்டுவார்மா. இன்னும் கொஞ்ச வருஷம் போனா அவரும் வேண்டாம். மெஷினே பார்க்கும், மெஷினே முடிவு பண்ணும்."

"கெட்டவன் யாருன்னு அதுக்கு எப்படி சார் தெரியும்?"

"ஒருத்தன் எங்க இருக்கான், எங்க போறான், யார்கூட பேசறான், அத்தனையும் சேர்த்துப் போட்டா கணக்கு தானா வந்துடும். மனுஷன்தான் தப்பு பண்ணுவான்மா. கணக்கு பண்ணாது."

அவர் போனபிறகு கனகவல்லி முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். "எங்க ஊட்டுக்காரரு கணக்கு கூட அப்படித்தான். போறது ஒரு எடம், சொல்றது ஒரு எடம்."

ஆயுத பூஜை வந்தது. ஷெட்டைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது கம்பெனி வழக்கம். அவரவர் மெஷினுக்கு அவரவர்தான் வைக்க வேண்டும். மாதவிலக்காகித் தூரமான பெண்கள் வரக்கூடாது என்பது வரதன் போட்ட சட்டம். அன்றைக்கு வராதவர்களுக்குப் புடவை கிடையாது என்பதும் அவர் போட்ட சட்டம்தான். கனகவல்லி வந்திருந்தாள். இவர்கள் அச்சு அவள் பொறுப்பு. தட்டு அதனருகே வந்ததும் அதைத் தொடாமல் நௌஷீனின் காதருகே வந்தாள்.

"நீ வையேண்டி. எனக்கு ஆவாது இன்னிக்கு. யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத."

"நானா? எனக்குத் தெரியாதுக்கா."

"இன்னா தெரியணும்? தொட்டு வெக்கிறதுதான. சீக்கிரம் வெய்யி, சூப்பர்வைசரு வர்றாரு."

நௌஷீன் இதற்குமுன் எதற்கும் பொட்டு வைத்ததில்லை. மற்றவர்கள் மெஷினின் நெற்றிபோல இருக்கிற இடத்தில் வைத்தார்கள். அச்சுக்கு நெற்றி எது என்று அவளுக்குத் தெரியவில்லை. வெளிப்பக்கம் துருவும் பிசினுமாகக் கிடந்தது. உள்பக்கம் மெழுகு தேய்த்துக் கண்ணாடி மாதிரி இருந்தது. இறக்கை உருவாகிற இடம் அதுதானே என்று நினைத்து, அது ப்ளேன் உடம்போடு சேரும் முனைப் பள்ளத்தில், சந்தனத்தை நிறையக் குழைத்து, அதன்மேல் குங்குமத்தை அழுத்தி வைத்தாள். வைக்கும்போது பிஸ்மில்லா என்று வாய்க்குள் வந்தது.

பூஜைப் பொட்டை யாரும் அழிக்கமாட்டார்கள், தானாக உதிர்ந்தால்தான் உண்டு. லேத்தில், டிரில்லில், துளசிராமனின் சைக்கிளில்கூட அது மாசக்கணக்கில் இருக்கும். மறுநாள் வேலை தொடங்கியபோது நௌஷீன் அந்தப் பொட்டைச் சுற்றி மெழுகு தேய்த்தாள். அதன்மேல் துணியை விரித்தாள். கனகவல்லி அச்சின் மறுமுனையில் இருந்தாள். அச்சிலிருந்து எடுத்த இறக்கைக்குச் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்து அனுப்பினார்கள்.

பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் சபரிநாதன் மறுபடியும் வந்தார். இந்தமுறை யாரிடமும் சிரிக்கவில்லை. நௌஷீனை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். வரதன் சுவரோரம் நின்றிருந்தார். மேஜைமேல் உடைந்த இறக்கைத் துண்டு கிடந்தது. பெயின்டைச் சுரண்டிய இடத்தில், விரல் நுனி அளவுக்குச் சிவப்பாக ஒரு வட்டம்.

"பறக்கவிட்டுப் பார்த்தப்போ இந்த இடத்துலதான் பிரிஞ்சிருக்கு. ஈரம் பட்டு ரெசின் பிடிக்கலை. நீ துணி விரிச்ச முனை. இது என்னம்மா?"

"பொட்டு சார்."

"உங்க வீட்டுல பொட்டு வைப்பீங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் இங்க ஏன் வெச்சே?"

அவள் தரையைப் பார்த்தாள். அவர் காத்திருக்கவில்லை. வீடு எங்கே என்றார். பழவேற்காடு. கடலுக்குப் பக்கமா? பக்கம்தான். அண்ணன் இருக்கிறானா? துபாயில். என்ன வேலை? இப்போது வேலை இல்லை. போன் பண்ணுவானா?

"பண்ணுவாரு சார். அவருகிட்ட போன் இல்ல. யாராவது குடுத்தா பேசுவாரு."

"அப்போ ஒவ்வொரு தடவையும் வேற நம்பர்."

அவர் கேட்கவில்லை, சொன்னார். சொல்லிவிட்டுக் குறித்துக்கொண்டார். ஒவ்வொரு பதிலும் உண்மைதான். அவருடைய பேனாவுக்குப் போனபிறகு அது வேறு யாரோ ஒருத்தியின் பதில்போல இருந்தது. 

"பூஜைல வெச்சது சார். தட்டு என் கையில வந்திச்சு."

"யார் குடுத்தா?"

"கனகாக்கா."

"அவ அச்சுக்கு அவதானே வெக்கணும்? ஏன் உன்கிட்ட குடுத்தா?"

இரண்டு ஆண்களும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? வீட்டில் அண்ணன் முன்னாலேயே சொல்லாத விஷயம். அக்காவே வரட்டும், வந்தால் எப்படியாவது சொல்லிவிடுவாள், அவளுக்குத்தான் வாய் உண்டே என்று நினைத்தாள்.

கூப்பிட்டனுப்பியதும் கனகவல்லி கையுறையோடு வந்து நின்றாள். சபரிநாதன் கேட்டார். அவள் இறக்கைத் துண்டைப் பார்த்தாள், பிறகு வரதனைப் பார்த்தாள்.

"பயப்படாம சொல்லு கனகா" என்றார் வரதன். "சாமி காரியத்துல எதனா கோளாறு நடந்துச்சா? அதான் ப்ளேன் கீழ விழுந்துச்சா?"

கனகவல்லி சபரிநாதன் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு ஞாபகம் இல்ல சார். அன்னிக்கு ஒரே கூட்டம்."

"நீ தட்டைக் குடுத்தியா, இல்லையா?"

"ஞாபகம் இல்ல சார்."

நௌஷீன் அவளையே பார்த்தாள். கனகவல்லி கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் போகச் சொன்னார்கள்.

"நாளைலேர்ந்து வாணாம்மா. கூப்பிட்டா வந்து பதில் சொல்லணும், ஊரை விட்டு எங்கயும் போவாத" என்று வரதன் நௌஷீனிடம் சொன்னார். குரலில் கோபமில்லை. பூஜையன்று வாழைப்பழமும் புடவையும் எடுத்துக் கொடுத்தபோது இருந்த அதே குரல்தான்.

ஷிப்டு விடுகிற நேரம். கேட்டில் துளசிராமன் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "சாரு எடுத்துக்கினாரு" என்றார், முகத்தைப் பார்க்காமல். தினமும் "இன்னா பாப்பா, மீன் கொழம்பா?" என்று கேட்கிறவர் இன்றைக்குக் கைப்பையை மேஜைமேல் கவிழ்க்கச் சொன்னார். சீப்பு, ரயில் பாஸ், மடித்த துப்பட்டா. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அடித்தட்டையும் கழற்றி, மிச்சமிருந்த சோற்றைக் கரண்டியால் கிளறிப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். தினமும் ஸ்டேஷன்வரை கூட நடக்கிறவர்கள் ஓரமாகக் கொஞ்சம் விலகி நின்றார்கள்.

நௌஷீன் சாமான்களைப் பைக்குள் எடுத்துவைத்தாள். அடித்தட்டின் மூடி சரியாக மாட்டவில்லை. மறுபடி மறுபடி அழுத்தினாள்.

அப்போது வரிசையைத் தள்ளிக்கொண்டு கனகவல்லி வந்தாள். நௌஷீனின் பக்கத்தில் நின்று, தன் பையின் வாயை இரண்டு கையாலும் அகல விரித்துத் துளசிராமன் முன்னால் நீட்டினாள்.

"உன்னுது எதுக்கும்மா?" என்றார் அவர். "நீ போ."

அவள் நகரவில்லை. விரித்த பை அப்படியே இருந்தது.

"அட, உன்னத் தெரியாதா எனக்கு? பின்னால ஆளு நிக்கிறாங்க பாரு, போம்மா."

அவர் பைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.  கனகவல்லி பையை மூடி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கேட்டைத் தாண்டிப் போனாள்.