ஜன்னல் விளக்கில் ஒரு பல்பு குறைவு

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. மணி மூன்றுதான், வட ஸ்வீடனின் உமியோ நகரில் அதற்குள் இருட்டிவிட்டது. முற்றத்தைச் சுற்றியிருந்த முப்பத்தைந்து ஜன்னல்களிலும் ஏழு பல்பு கொண்ட பண்டிகை விளக்குகள் எரிந்தன. குன்வோர் இருமுறை எண்ணிப் பார்த்தாள். முப்பத்தாறாவது அவளுடையது. அது எரியவில்லை.

தூசி துடைக்கும்போது ஒரு பல்பு கழன்று விழுந்து அவள் செருப்புக்கடியிலேயே நொறுங்கியிருந்தது. ஏழும் ஒரே கம்பியில் கோத்தவை. ஒன்று போனால் எல்லாம் போச்சு. நாலு மணிக்கு அண்டை வீட்டார் முற்றத்தில் கூடி, சூடான திராட்சை ரசத்தைக் குடித்தபடி ஜன்னல்களை நோட்டம் விடுவார்கள். போன வருடம் ஒரு வீடு இருட்டாயிருந்ததை ஈஸ்டர் வரை பேசினார்கள். அதிகம் பேசியது குன்வோர்தான்.

தம்பி சிக்ஸ்டன் சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை உருட்டிக்கொண்டே வந்தான்.

"காலிக் குழியில இதத் திணிச்சா மிச்ச ஆறும் எரியும்க்கா."

"டேய், அதுல கரண்ட் இருக்கும்னு எலெக்ட்ரிக் வேலை வகுப்புல வாத்தியார் சொல்லியிருக்காரு."

"எரியாத விளக்குல ஏதுக்கா கரண்ட்?"

குன்வோர் தடுமாறினாள். விளக்கு எரியாவிட்டாலும் காலிக் குழியில் முழு மின்சாரமும் காத்திருக்கும் என்றுதான் மாலை வகுப்பு வாத்தியார் சொன்னதாக நினைவு. ஒருவேளை தப்பாகக் குறித்துக்கொண்டோமோ? நிச்சயமில்லை. நிச்சயமில்லாததாலேயே குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

நிமிர்வதற்குள் சிக்ஸ்டன் வெள்ளித்தாளை விட்டுவிட்டு விரலையே குழிக்குள் நுழைத்திருந்தான்.

"பாத்தியா? ஒண்ணும் ஆகல! உங்க வாத்தியாருக்கு என் வணக்கத்தச் சொல்லு."

அவள் பிளக்கை அவன் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "இதுக்குச் சொல்லுடா வணக்கம்."

சிக்ஸ்டன் விரலை மெல்ல வெளியே எடுத்தான். ஐந்து விரலும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டான். பிறகு அண்டை வீடுகளில் பல்பு கேட்கக் கிளம்பினான்.

"நம்ம வீட்டுக்குன்னு சொல்லிடாதடா!"

மூன்று மாடிக்கும் சொல்லிவிட்டான். அரைமணி நேரத்தில் சமையலறை நிறைய ஜனம். ஆளுக்கொரு பல்பு, ஆளுக்கிரண்டு யோசனை. முற்றத்துக்குப் போகவேண்டிய திராட்சை ரசச் சட்டியும் கூடவே வந்திருந்தது.

"ஏதாவது ஒண்ணப் போடு குன்வோர், பல்புன்னா பல்புதானே!" என்றாள் மேல்மாடி மைகென்.

"இல்லீங்க, மத்த ஆறு பல்போட வோல்ட் நம்பர் ஒத்துப்போகணும்."

குன்வோர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பல்பிலும் பொறித்திருந்த எண்ணைப் படித்தாள். மைகென் கொண்டுவந்ததே பொருந்தியது. அதைத் திருகி முடித்த பிறகே பிளக்கைச் செருகினாள். ஏழும் எரிந்தன. எல்லோரும் கைதட்டினார்கள்.

மணி நாலு. குன்வோர் ஆசையோடு முற்றத்தை எட்டிப் பார்த்தாள். அவள் விளக்கைப் பார்க்க அங்கே ஈ காக்கை இல்லை.