மூக்கடைத்த மூன்று நாள்

படகுத்துறையை ஒட்டி ஆறு மேசை போட்ட சாப்பாட்டுக் கடை அது. நடத்துகிறவளை ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட. அவள் கணவர் துறையில் படகுச் சீட்டு கிழிப்பவர். மதியப் படகு கிளம்பியதும் கடைக்கு வருவார், வைத்ததைச் சாப்பிடுவார், "நல்லா இருக்கு" என்பார். கல்யாணமான பதினெட்டு வருடத்தில் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அக்காவுக்குக் கடுமையான சளி. மூக்கு அடைத்து நாக்கும் மரத்துவிட்டது. மீன் சூப்பை ருசி பார்த்தாள்; வெந்நீருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. அன்று பார்த்து, அக்கரைப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் நாற்பது பேர் மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். காலைப் படகை அனுப்பிவிட்டு நின்ற கணவரைக் கூப்பிட்டுக் கரண்டியை நீட்டினாள்.

"நல்லா இருக்கு" என்றார், சூப்பு தொண்டையில் இறங்கும் முன்பே.

"அதில இன்னும் உப்பே போடலைங்க."

அவர் திருதிருவென்று விழித்தார்.

"இன்னிக்கு உங்க நாக்கைத்தான் நம்பணும். உள்ளதைச் சொல்லுங்க. கோவிச்சுக்க மாட்டேன்."

மனைவி அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் வரப்போவது நாற்பது பேர். உப்பை அவர் சொன்ன அளவுக்குப் போட்டவள், வழக்கம்போல் மிளகுத்தூளைக் கை நிறைய அள்ளினாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பாதி போதும்."

"எப்பவும் இதுதானே அளவு?"

"எப்பவுமே அதிகம்தான். சூப்போட ஆளுக்கு ரெண்டு டம்ளர் தண்ணி கேக்குறாங்களே, எதுக்குன்னு நெனச்சே?"

"கடல் காத்துக்குத் தாகம் எடுக்குதுன்னு நெனச்சேன்." அடுப்பைத் தணித்தாள். "பதினெட்டு வருஷமா வாயில என்ன கொழுக்கட்டையா?"

"மொதல் நாள் சமைச்சு வச்சுட்டு என் மூஞ்சியையே பார்த்துட்டு நின்னே. சொல்ல மனசு வரலை. அப்புறம் எப்படிச் சொல்றதுன்னே தெரியலை."

அக்கா கரண்டியை அவர் கையில் திணித்துவிட்டு மீன் வெட்டப் போனாள். வெட்டிய சத்தம் துறைவரை கேட்டிருக்கும். அவர் பாதி மிளகு போட்டு, ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டார்.

ஆசிரியர்கள் வந்தார்கள். முதல் கிண்ணம் முடிந்ததும் மறு கிண்ணம் கேட்டார்கள். தினமும் சாப்பிட வரும் படகோட்டி குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அக்கா, இன்னிக்குத்தான் சூப்புல மீன் இருக்குறதே தெரியுது."

தட்டோடு நின்ற அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அடுப்படி வாசலில் கணவர் தப்பு செய்தவர்போல் ஒடுங்கி நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"பக்குவம் அவரோடது" என்றாள், எல்லா மேசைக்கும் கேட்கும்படி.

மூன்று நாள் அவர்தான் ருசி பார்த்தார். நாலாம் நாள் மூக்கு திறந்தது. அக்கா ஒரு கரண்டி குடித்தாள். இன்னொரு கரண்டியும் குடித்தாள்.

"மிளகு சரிதான். எலுமிச்சை தூக்கலா இருக்கு."

"எனக்கு அப்படித் தெரியலையே" என்றார் அவர்.

சமையலைப் பற்றி அவர்கள் போட்ட முதல் சண்டை அது. அரைப்பழமா முழுப்பழமா என்று ஆறு மேசையும் இரண்டாகப் பிரிந்து வாதாடியதில், மதியப் படகு பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.